மாஸ்டரின் கட்டைவிரலும் கடலடிக் கதவும்

பேருந்து நிலையத்து விசாரணைக் கவுன்ட்டரில் உட்காருகிறவள் நான். கண்ணாடியின் நடுவில் ஒரு வட்ட ஓட்டை. அந்த ஓட்டை வழியாக நாள் முழுக்க ஒரே கேள்விதான் உள்ளே வரும்: "எப்ப வரும்?" நானும் ஒரே பதிலைத்தான் வெளியே அனுப்புவேன்: "வரும்போது வரும்." இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பேருந்து என்ன, என்னிடம் சொல்லிவிட்டா கிளம்புகிறது? ஆனாலும் ஆட்கள் முறைப்பார்கள். நானும் சளைக்காமல் முறைப்பேன். இப்படிப் பகல் முழுக்க முறைத்துக் களைத்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வரும்.

"ஏம்மா, தேதி சொல்லிட்டாங்க!"

அதுதான் எங்கள் வீட்டுக்காரர். தேதி என்றால் கல்யாணத் தேதியோ பரீட்சைத் தேதியோ இல்லை. டிவியில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேம் வெளியாகும் தேதி. ஐம்பதைத் தாண்டிய மனிதர். முன்மண்டை மினுங்குகிறது, கண்ணாடி மூக்கு நுனியில் தொங்குகிறது. ஆனால் அந்த நேரத்தில் முகத்தைப் பார்த்தால் பள்ளிக்கூடம் லீவு என்று கேள்விப்பட்ட பையன் தோற்றான்.

ஊருக்கு அவர் மாஸ்டர். சீருடை தைக்கிற கடையில் கட்டிங் மாஸ்டர். ஆஸ்பத்திரி, ஓட்டல், காவலாளி வேலை என்று எவன் எந்தச் சீருடை போட்டு எதிரே வந்தாலும், "அந்தக் காலர் என் கை" என்று நடுரோட்டில் நின்று காட்டுவார். போட்டிருப்பவன் பயந்து காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போவான். கடையில் ஆள் நீளத்துக்கு இரண்டு மடங்கு மேசை, அதன்மேல் அடுக்கடுக்காய்த் துணி, அதில் கோடு போடத் தட்டையான சாக்பீஸ், கைக்குழந்தை கனத்தில் ஒரு கத்திரிக்கோல். அந்த மேசைக்கு முன்னால் அவர் ராஜா. வீட்டில் டிவிக்கு முன்னால் சின்னப் பிள்ளை.

அந்தக் கேம் பெட்டியை வாங்கியது மகளுக்காக. அவளுக்கு அம்மை போட்டிருந்தபோது, சொறியாமல் இருக்கக் கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று வாங்கினோம். மகளுக்கு அம்மை இறங்கிவிட்டது. அப்பாவுக்குத் தொற்றியது இன்றுவரை இறங்கவில்லை.

அதிலும் இவர் விளையாடுவது கொஞ்சம்தான். வரப்போவதைப் பற்றிப் பேசுவதுதான் பாக்கி எல்லாம். நிலாவில் மாடு மேய்க்கிற கேம் வரப்போகிறதாம். கரடி ஒன்று தபால்காரராக வேலை பார்க்கிற கேம் வரப்போகிறதாம். ஓடுகிற ரயிலின் கூரைமேல் சமையல் செய்கிற கேம் ஒன்று. "கூரைமேல எதுக்குங்க சமைக்கணும்? உள்ள இடம் இல்லையா?" என்று கேட்டேன். "அது வந்தாத்தானே தெரியும்" என்றார். வெளியாகும் தேதிகளையெல்லாம் கடையிலிருந்து கொண்டுவந்த சாக்பீஸால் என் துணி அலமாரிக் கதவில் எழுதி வைப்பார். தேதி தள்ளிப்போனதும் எச்சில் தொட்டு அழித்துவிட்டுப் புதுத் தேதி எழுதுவார். என் சேலையில் எப்போதும் சாக்பீஸ் தூள் இருக்கும். கவுன்ட்டரில் பக்கத்துச் சீட்டுக்காரி நான் ஸ்கூல் டீச்சராகவும் இருக்கிறேனோ என்று சந்தேகப்பட்டாள்.

இத்தனை கேமிலும் அவர் உயிரை வைத்திருந்தது ஒன்றில்தான். 'கடலடிக் கதவு' என்று பெயர். முதல் பாகம் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது வந்தது. காணாமல் போன தங்கையைத் தேடி ஒரு பெண் கடலுக்குள் மூழ்கிப் போகிறாள். சுறாவுக்குத் தப்பி, சகதியில் விழுந்து, கடைசியில் கடலின் அடியில் ஒரு கதவுக்கு முன்னால் வந்து நிற்கிறாள். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ தட்டுகிறார்கள். டொக், டொக், டொக். அவ்வளவுதான், கேம் முடிந்தது. இவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். "உள்ள யாரும்மா தட்டுறது?" என்று என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும், நான் பேருந்துக்கு மட்டும்தான் பொறுப்பு.

அதற்கப்புறம் எட்டு வருஷம். மகள் பள்ளி முடித்து, கல்லூரி சேர்ந்து, ஹாஸ்டலுக்கும் போய்விட்டாள். இரண்டாம் பாகம் வரவில்லை. வரப்போகிறது என்கிற முன்னோட்டம் மட்டும் அவ்வப்போது வரும். இவர் அதை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். "இந்தப் பொண்ணு போட்டிருக்கிற டிரெஸ்ல தோள் வெட்டு தப்பும்மா. கையைத் தூக்கினா அக்குள் கிழிஞ்சுடும். தண்ணி உள்ள போயிடும்" என்பார். அப்புறம் வந்த ஒரு முன்னோட்டத்தில் அந்தத் தோள் சரியாக இருந்தது. "பாத்தியா! நான் சொன்னது யார் காதிலயோ விழுந்திருக்கு" என்று அன்றைக்கு முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் வலது கை கட்டைவிரல் வம்பு செய்ய ஆரம்பித்தது.

முதலில் மடக்கினால் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு மடங்கினால் நிமிராது. இடது கையால் பிடித்து இழுத்தால்தான் நிமிரும். ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றால் கேட்கிற ஆளா? "சரியாயிடும், சரியாயிடும்" என்றே ஓட்டினார்.

ஒருநாள் மத்தியானம் என் கவுன்ட்டருக்கு முன்னால் வரிசையில் திடீரென்று ஒரு சலசலப்பு. நின்றவர்கள் எல்லாரும் இரண்டு பக்கமும் ஒதுங்குகிறார்கள். நடுவில் எங்கள் வீட்டுக்காரர் கத்திரிக்கோலும் கையுமாக வருகிறார். நிஜமாகவே கையுமாக. கட்டைவிரல் கத்திரிக்கோல் வளையத்துக்குள்ளேயே மடங்கிப் பூட்டிக்கொண்டது. கடையில் எல்லாரும் இழுத்துப் பார்த்துக் கைவிட்டபிறகு பேருந்து ஏறி என்னிடம் வந்திருக்கிறார்.

"இப்படியேவா பஸ்ல வந்தீங்க?"

"ஆமா. கண்டக்டர் டிக்கெட்டே கேக்கல."

"எப்படிக் கேப்பான்? உசுரு மேல ஆசை இல்லையா அவனுக்கு?"

பூட்டுக்குப் போடுகிற எண்ணெயை ஊற்றி, விரலை உருவி எடுத்து, அங்கிருந்தே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கைக்கென்றே இருக்கிற டாக்டரம்மா. விரலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "விரலை மடக்குற நாண் உள்ள சிக்கிக்குது. சின்ன ஆபரேஷன்தான். அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். ஆனா ஒரு மாசம் கத்திரிக்கோலைத் தொடக் கூடாது. ரொம்பத் தள்ளிப் போடாதீங்க. இப்படியே விட்டா விரல் மடங்கினபடியே நின்னுடும். அப்புறம் கத்திரிக்கோல் இல்ல, காபி டம்ளர்கூடப் பிடிக்க முடியாது."

என் காதில் விழுந்தது காபி டம்ளர். இவருக்கோ காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஒரு மாசம் லீவா டாக்டர்?"

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் திட்டம் தயாராகிவிட்டது. 'கடலடிக் கதவு' இரண்டாம் பாகத்துக்கு ஒருவழியாகத் தேதி சொல்லியிருந்தார்கள். அதே வாரம் ஆபரேஷனை வைத்துக்கொள்வது. ஒரு மாதம் சம்பளத்தோடு லீவு. காலையிலிருந்து சாயங்காலம் வரை கேம். முதலாளி ஒரு வார்த்தை பேச முடியாது, கையில் கட்டு இருக்கும்.

சும்மா சொல்லக்கூடாது, கேட்டதும் எனக்கே பிரமாதம் என்று தோன்றியது. விரலும் சரியாகும், எட்டு வருஷப் புலம்பலும் ஓயும். என் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவன் வங்கியில் வேலை பார்ப்பவன். எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் தலையாட்ட மாட்டான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஜாதி. அவனே கண்ணை மூடி யோசித்துவிட்டு, "மாமா, இதுல ஒரு ஓட்டையும் இல்ல" என்றான்.

"பின்ன? வெட்டுறதுக்கு முன்னாடி அளக்குறவன்டா நான்" என்றார் இவர்.

அப்புறம் கேம் தள்ளிப்போனது. இன்னும் மெருகேற்ற வேண்டுமாம், பொறுமைக்கு நன்றியாம். பேருந்து வராதபோது நான் 'பொறுமைக்கு நன்றி' என்று சொன்னால் என் கண்ணாடி மிஞ்சுமா? இவர் ஆபரேஷனையும் தள்ளிப்போட்டார். மறுபடி கேம் தள்ளிப்போனது. மறுபடி ஆபரேஷனும். விரல் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தது. சட்டைப் பட்டன் நான் போட்டுவிட்டேன். சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனுக்கு மாறினார். கடையில் துணி கோணலாகி, ஒரு காவலாளியின் பேன்ட் ஒரு கால் குட்டையாகப் போனது. எனக்குப் பயம் வந்துவிட்டது. "ஏங்க, உங்க கை முக்கியமா, அந்தக் கதவு முக்கியமா?" என்று கத்தினேன். அவர் கையை ஒரு தடவை பார்த்தார், டிவியை ஒரு தடவை பார்த்தார். அதுதான் எனக்கு எரிச்சல்.

டாக்டரம்மாவும் பொறுமை இழந்து, "இனிமே தேதி மாத்தினா வேற டாக்டரைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். எப்படியோ, டாக்டரம்மா குறித்த ஆபரேஷன் தேதிக்கு மறுநாளே கேம் வெளியாவதாக உறுதியான அறிவிப்பும் வந்தது. இவர் சாக்பீஸால் அலமாரிக் கதவில் பெரிதாக வட்டம் போட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முட்டைக்கோஸ் அளவுக்கு வலது கையில் கட்டு. கையை எப்போதும் உயரமாக வைத்திருக்கச் சொன்னார்கள். மறுநாள் இவர் சோபாவில் உட்கார்ந்து, தலையணை மேல் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, வகுப்பில் சந்தேகம் கேட்கிறவர் மாதிரி காத்திருந்தார். உடம்பு விசாரிக்க ஆரஞ்சுப் பழத்தோடு தம்பி வந்திருந்தான். கூரியர்காரர் வந்தார். இவர் இடது கையால் கோழி கிறுக்குவதுபோல் ஒரு கையெழுத்து போட்டு வாங்கினார். கேம் வட்டைப் பெட்டிக்குள் போட்டார். டிவியில் நீலக் கடல் விரிந்தது. அந்தக் கதவு தெரிந்தது.

அந்தச் சமயத்தில் மகளிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, வலி இருக்கா? கேம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சும்மா! இப்பத்தான் ஆரம்பிக்கப் போறேன்!"

"சூப்பர்ப்பா. ஆமா, எந்தக் கைல ஆபரேஷன்?"

"வலது கைதான். கத்திரிக்கோல் பிடிக்கிற கை."



"அப்பா, கேம் எந்தக் கையால ஆடுவீங்க?"

"ரெண்டு கையாலயும்..." என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார்.

முட்டைக்கோஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். தம்பி மிகுந்த கவனத்தோடு ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தான்.

நான் சிரித்தேன். சாதாரணச் சிரிப்பு இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மாசக்கணக்காகத் திட்டம் போட்டோம். ஒரு மாஸ்டர், ஒரு வங்கிக்காரன், ஊருக்கே வழி சொல்கிற நான். மூன்று பேரில் ஒருத்தருக்காவது தோன்றியதா? போனில் மகளும் சிரித்துக்கொண்டிருந்தாள். இவர் மட்டும் சிரிக்கவில்லை.

"எட்டு வருஷம்மா" என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

ஆள் லேசில் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து ஆடுகிற கன்ட்ரோலரைத் தரையில் வைத்து வலது கால் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். தொடையில் சதை பிடித்துக்கொண்டது. மோவாயால் அழுத்திப் பார்த்தார். அப்போது டிவி தெரியவில்லை. அப்புறம், "மச்சான், வலது பக்கம் நீ அழுத்து" என்று தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"குதி மச்சான்!"

"குதிக்கணுமா மாமா? நிச்சயமா?"

அதற்குள் அந்தப் பெண் பள்ளத்தில் விழுந்துவிட்டாள். மறுபடி அதே இடம். "இந்தப் பட்டன்தானே மாமா? ஒரு தடவை சொல்லிடுங்க." மறுபடி பள்ளம். அன்றைக்கு அவள் விழுந்த விழுகையைப் பார்த்து எனக்கே உடம்பு வலித்தது.

"தள்ளுடா அந்தப் பக்கம்" என்று அவனை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். கன்ட்ரோலரின் இடது பாதி அவர் இடது கையில், வலது பாதி என் வலது கையில். இடது பக்கக் குமிழைத் தள்ளினால் அந்தப் பெண் நடப்பாள். வலது பக்கக் குமிழைத் தள்ளினால் அவள் பார்வை திரும்பும். அதாவது நடப்பது அவர், பார்ப்பது நான். இது ஒன்றும் எங்களுக்குப் புதிது இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டு ஏற்பாடே அதுதான்.

"மேல பாக்காதம்மா, வழியைப் பாரு!"

"அந்த மீன் அழகா இருக்குங்க."

"சுறா வருது!"

"வரும்போது வரும்."

சுறா வந்தது, தின்றது. இவர் என்னை முறைத்தார். முறைப்பதில் என்னிடமா? நான் திருப்பி முறைத்தேன்.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே கதவைத் திறந்துவிட்டோம். திறக்கிற பட்டன் என் பக்கம்தான் இருந்தது. "அழுத்தும்மா" என்று அவர் சோபா நுனிக்கு வந்துவிட்டார். அழுத்தினேன். உள்ளே ஒரு சின்ன அறை, அதில் ஒரு மேசை, நடுவில் வட்ட ஓட்டை வைத்த கண்ணாடி, அதற்குப் பின்னால் ஒரு ஆக்டோபஸ். கடலடி விசாரணைக் கவுன்ட்டர்! எட்டு வருஷமாக யாராவது வந்து ஏதாவது கேட்க மாட்டார்களா என்று உள்ளேயிருந்து தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. தங்கை எங்கே, எப்போது வருவாள் என்று கேட்டதற்கு அது சொன்ன பதிலை இவர் எனக்குப் படித்துக் காட்டினார்: "வரும்போது வருவாள்."

"இதாங்க பதிலு!" என்று சோபாவிலேயே எழுந்து நின்றுவிட்டேன். கன்ட்ரோலரோடு அவரும் சேர்ந்து எழ வேண்டியதாயிற்று. அதோடு நானும் கேம் பைத்தியத்தில் விழுந்தேன். இனி அந்த ஆக்டோபஸைப் பார்க்காமல் எனக்குப் பொழுது போகாது.

அதன்பிறகு கவுன்ட்டர் மூடியதும் ஓட்டமாக வீட்டுக்கு ஓடி வருவேன். சமையலைச் சுருக்கினேன். வழியில் நின்று பேசுகிறவர்களைத் தவிர்த்தேன். தினம் சாயங்காலம் கொஞ்ச நேரம், அவர் இடது கையும் என் வலது கையும். பகல் முழுக்க அவர் சும்மா இருந்து கைக்குச் சொன்ன பயிற்சியைச் செய்வார். விழுந்தோம், சண்டை போட்டோம், அடுத்த கட்டத்துக்குப் போனோம். இவருக்குள் இவ்வளவு பேச்சு இருக்கிறது என்றே எனக்கு அதுவரை தெரியாது. மகள் ஹாஸ்டல் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது கேஸ் சிலிண்டர் பற்றியும் தண்ணீர் மோட்டார் பற்றியும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

கட்டுப் பிரித்தார்கள், தையல் எடுத்தார்கள், லீவும் முடிந்தது. இவர் கடைக்குப் போகத் தொடங்கினார். எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்தது. சொல்லவே கூச்சம்தான், ஆனாலும் சொல்கிறேன்: இனி அவருக்கு நான் வேண்டாமே என்று துக்கமாக இருந்தது. ஆட்டத்தில் கடைசிக் கட்டம் மட்டும்தான் பாக்கி. நான் பார்க்கிற லட்சணத்துக்கு அதில் திரும்பத் திரும்பத் தோற்றுக்கொண்டிருந்தோம். அவர் தனியாக ஆடினால் ஒரே மூச்சில் முடித்துவிடுவார். எட்டு வருஷம் காத்திருந்தவர். ஆடட்டும், அவர் கேம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னும் சரியா மடங்க மாட்டேங்குதும்மா" என்று அவர் வலது பாதியை என் பக்கம் நீட்டினார்.

ஐயோ பாவம் என்றிருந்தது. வெட்கமில்லாமல் சந்தோஷமாகவும் இருந்தது. அந்த வாரம் முழுக்க இப்படியே போனது. பிறகு ஒருநாள் அவர் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்குக் காலை வேலை மட்டும்தான்; வீட்டுக்கு வந்ததும் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று கடைக்குப் போனேன். வாசலில் நிற்கும்போதே சத்தம் கேட்டது. சரக், சரக், சரக். கனமான துணி, அடுக்கு அடுக்காக. கட்டைவிரல் மடங்குகிறது, நிமிர்கிறது, மடங்குகிறது. ஒரு தடங்கல் இல்லை.

"மாஸ்டர் பழையபடி ஆயிட்டாரும்மா" என்றார் முதலாளி. "வந்த நாள்லயிருந்தே இந்த வேகம்தான்."

கண்ணாடியை முதலாளியிடமே கொடுத்துவிட்டு, அவர் பார்ப்பதற்குள் திரும்பிவிட்டேன். நேராக வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டேன். நான் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டேன், அவர் மத்தியானம்தான் கடைக்குப் போனார். அரை நாள் வீட்டில் தனியாக இருந்திருக்கிறார். அந்தக் கடல் பெண் நேற்று நாங்கள் விட்ட அதே பாறைமேல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். ஒரு அடி நகரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனுஷன் எவ்வளவு பெரிய புளுகன் என்று கோபமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் விக்கல் எடுத்தது.

சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்தார். கட்டைவிரலைத் தடவிக்கொண்டு, "இன்னைக்கும் ஒரே வலிம்மா" என்றார்.

எதையும் மனதில் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். "சரி சரி, நகருங்க" என்று வலது பக்கம் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு நான் மீனைப் பார்க்கவில்லை. அவர் கால் வைக்கிற இடத்தை மட்டும் பார்த்தேன். குதி என்றதும் குதித்தேன். கடைசிக் கட்டம் தாண்டியது. அக்காவும் தங்கையும் கைகோத்து மேலே மேலே நீந்திப்போய் வெயிலுக்கு வந்தார்கள். ஆக்டோபஸ் எட்டுக் கையாலும் டாட்டா காட்டியது. நாங்கள் இரண்டு பேரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

கேம் செய்தவர்களின் பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்தபிறகு, இருட்டுத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது. மூன்றாம் பாகம் வரப்போகிறது. தேதி இல்லை.

"எப்ப வரும்?" என்றேன். என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். இதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தாரோ, முகமெல்லாம் பல்.

"வரும்போது வரும்" என்றார்.

எழுந்துபோய்ச் சாக்பீஸை எடுத்து, என் அலமாரிக் கதவில் அழுத்தமாக 'மூணு' என்று எழுதி, பக்கத்தில் பெரிய கேள்விக்குறி போட்டார். எழுதியது வலது கையால். கட்டைவிரல் அருமையாக மடங்கியது. எங்கள் ஆட்டத்தில் பார்க்கிற வேலை என்னுடையது. அதை மட்டும் நான் பார்க்கவே இல்லை.